பல் கம்பியில் ஏதோ சரியில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

போன தீபாவளி விடுமுறையில், மலேசியாவின் பினாங்கில், கெளுகோரில் என் அண்ணன் வீட்டில், மகள் ஒரு கைமுறுக்கைக் கடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். “அம்மா, பல்லுல ஏதோ கழண்டு ஆடுது” என்றாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆடியது பல் இல்லை, அதன் மேல் ஒட்டியிருந்த பிராக்கெட். கிளினிக் திறக்க இன்னும் இரண்டு நாள் இருந்தது.

நான் பல் மருத்துவர் இல்லை. ஆனால் இருபத்து மூன்று வயதில் கம்பி போட்டவள், சில வருடம் கழித்து மறுபடியும் போட வேண்டி வந்தவள், இப்போது பதினான்கு வயது மகளுக்கும் போட்டுவிட்டிருப்பவள். இத்தனை வருடத்தில் எனக்குத் தெரிந்த ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மைப் பயமுறுத்துகிற வலிகளில் பெரும்பாலானவை வீட்டிலேயே அடங்கிவிடும். சிகிச்சையைக் கெடுப்பவையோ சத்தமில்லாமல் வருகின்றன. வலிக்காமல் கழன்ற பிராக்கெட், பல்லில் படரும் வெள்ளைத் திட்டு, கம்பியைக் கழற்றிய பிறகு பல் நகராமல் பிடித்து வைக்கப் போட வேண்டியது டப்பாவிலேயே கிடக்கும் ரிடெய்னர், எல்லாம் அந்த வகை. வலிக்கவில்லையே என்று நாம் தள்ளிப் போடுவதும் இவற்றைத்தான்.

அதற்கு விதிவிலக்கு உண்டு. முகமோ கழுத்தோ வீங்குகிறது, கூடவே காய்ச்சல் அடிக்கிறது, வாயைத் திறக்க முடியவில்லை, விழுங்கக் கஷ்டமாக இருக்கிறது என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். கழன்ற துண்டு மூச்சுக்குழாய்க்குள் போய்விட்ட மாதிரி இடைவிடாத இருமல், மூச்சு வாங்குதல் இருந்தால் 999-ஐ அழையுங்கள். வெறுமனே விழுங்கிவிட்டால், இருமலும் வலியும் இல்லையென்றால், அநேகமாகத் தானாக வெளியே போய்விடும். இருந்தாலும் கிளினிக்கில் சொல்லி வையுங்கள். கீழே விழுந்தோ பந்து பட்டோ பல்லே இடம் மாறிவிட்டால் அதுவும் அன்றைக்கே பார்க்க வேண்டியது.

வாய்க்குள் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் போனில் நர்ஸிடம் சரியாகச் சொல்ல முடியும். பல்லின் மேல் பசையால் ஒட்டிய சின்னச் சதுரம் பிராக்கெட். எல்லாப் பிராக்கெட்டுக்குள்ளும் ஓடுவது வயர். வயரைப் பிராக்கெட்டோடு பிடித்து வைக்கும் குட்டி வளையம்தான் பிள்ளைகள் கலர் கலராகத் தேர்ந்தெடுக்கும் ரப்பர். கடைவாய்ப் பல்லில் ஒரு சின்னக் குழாய் ஒட்டியிருக்கும், அல்லது பல்லைச் சுற்றி மோதிரம் மாதிரி ஒரு பேண்ட் இருக்கும். வயரின் நுனி அதற்குள் போய் முடியும். வயர் பல்லைத் தள்ளும்போது, தள்ளப்படும் பக்கத்து எலும்பு கரைகிறது, விட்டு வந்த பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். அவ்வளவு மெதுவான வேலை என்பதால்தான் நடுவில் மூன்று வாரம் வீணாகப் போனால் அது கணக்கில் வருகிறது.

கம்பியை முடுக்கி வந்த பிறகு கடிக்கவே முடியவில்லை

கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும்போது வலிக்காது. சில மணி நேரம் கழித்துத் தொடங்கி, மறுநாள் உச்சத்துக்குப் போய், மூன்றாவது நாளிலிருந்து இறங்கும். ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். பல் லேசாக ஆடுகிற மாதிரியும் இருக்கும். நகர்கிற பல் கொஞ்சம் ஆடத்தான் செய்யும், பயப்பட வேண்டாம்.

வலிக்குப் பாரசிட்டமால் போதும். பிள்ளைகளுக்கு வயது, எடை பார்த்து, அட்டையில் போட்டிருக்கும் அளவுக்குள் கொடுங்கள். ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகள் பல் நகர உடம்பு பயன்படுத்தும் அதே ரசாயனத்தைக் குறைப்பவை. ஒரு நாள் இரண்டு நாள் சாப்பிட்டதால் எதுவும் கெட்டுவிடாது, ஆனால் தொடர்ந்து எடுக்கும் பழக்கம் வேண்டாம்.

குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்ச நேரம் வாயில் வைத்துக்கொள்வது நன்றாகக் கேட்கும். அதற்கு ஒரு காரணம் உண்டு. ஆரம்ப மாதங்களில் போடும் வயர் பெரும்பாலும் நிக்கலும் டைட்டானியமும் கலந்தது. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்து, 1970களில் பல் சிகிச்சைக்குள் வந்த உலோகம் இது. வளைத்தாலும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். சூட்டுக்கு வேலை செய்யும் வகையாக இருந்தால், வாய் சூட்டில் விறைப்பாகித் தள்ளும், குளிர்ந்தால் கொஞ்ச நேரம் தளரும். முடுக்கிய அன்றைக்குச் சுடச்சுடத் தே தாரிக் குடித்தவர்களுக்குப் பல் சுண்டி இழுத்த மாதிரி இருப்பதும் இதனால் இருக்கலாம். குளிர்ந்த தண்ணீர் சரி, ஐஸ் கட்டியைக் கடிப்பது மட்டும் கூடாது.

சாப்பாட்டுக்கு நம் சமையலில் குறையே இல்லை. இட்லி, தேங்காய்ப்பாலில் ஊறிய இடியாப்பம், குழைந்த ரசம் சோறு, கஞ்சி. முன் பல்லால் கடிக்காமல், சின்னச் சின்னதாகப் பிய்த்துப் பின்பல்லுக்குக் கொடுங்கள்.

ஒரு வாரம் தாண்டியும் குறையவில்லை, அல்லது ஒரே ஒரு பல் மட்டும் இரவெல்லாம் விண்விண் என்று தெறிக்கிறது என்றால், அதைக் கம்பி வலி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சொத்தையோ வேரில் கோளாறோ இருக்கலாம். போன் பண்ணுங்கள்.

கம்பி கன்னத்தைக் குத்துகிறது

கண்ணாடி முன்னால் நின்று, போன் டார்ச்சை அடித்து, குத்துவது எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

கடைவாய் ஓரத்தில் வயரின் நுனி நீண்டுகொண்டிருந்தால், அவசரப்பட்டு வெட்டப் போகாமல் மறுபக்கக் கடைவாயைப் பாருங்கள். அங்கே குழாய்க்குள் வயரே இல்லையென்றால், வயர் ஒரு பக்கமாக நழுவியிருக்கிறது. வெட்டினால் அந்த வயரே வீணாகிவிடும். சுத்தமான இடுக்கியால், நீண்ட பக்கத்திலிருந்து மெதுவாகத் தள்ளி மறுபடி உள்ளே விட முடிகிறதா என்று பார்க்கலாம். இரண்டு பக்கமும் வயர் உள்ளேயே இருந்து, ஒரு நுனி மட்டும் எட்டிப் பார்க்கிறது என்றால், பற்கள் நகர்ந்து இடைவெளி மூடியதால் வயர் மிச்சமாகி வெளியே வந்திருக்கிறது. சிகிச்சை நடக்கிறது என்பதற்கு அடையாளம் அது, கெட்டதொன்றும் இல்லை.

இரண்டாவது, பிராக்கெட்டுகளுக்கு நடுவில் முறுக்கிவிட்ட மெல்லிய கட்டுக் கம்பியின் வால். பென்சில் நுனி அழிரப்பரைக் கழுவி, அல்லது காது குடையும் பஞ்சுக்குச்சியால், அந்த வாலைப் பல் பக்கமாக மடக்கி அமுக்கிவிடுங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்தது. மூன்றாவது, பிராக்கெட்டின் கொக்கியே உரசுவது. புதிதாகப் போட்ட முதல் இரண்டு வாரம் எல்லோருக்கும் இருக்கும், பிறகு கன்னம் பழகிக்கொள்ளும்.

எதுவாக இருந்தாலும் உடனடி நிவாரணம் மெழுகு. கம்பி போட்ட அன்றைக்கே ஒரு சின்ன டப்பா கொடுத்திருப்பார்கள். தீர்ந்துவிட்டால் பார்மசியில் கிடைக்கும். பலர் மெழுகு ஒட்டவில்லை, விழுந்துவிடுகிறது என்கிறார்கள். ஈரத்தோடு வைத்தால் ஒட்டாது. டிஷ்யூவால் அந்த இடத்தை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, பட்டாணி அளவு மெழுகை விரலில் உருட்டிச் சூடேற்றி, கம்பியின் மேல் வைத்து அமுக்க வேண்டும். சாப்பிடுவதற்கும் பல் துலக்குவதற்கும் முன் எடுத்துவிட்டு, பிறகு புதிதாக வையுங்கள். தெரியாமல் விழுங்கினால் ஒன்றும் ஆகாது.

மெழுகுக்கும் அடங்காமல் கன்னம் கிழிகிறது, கிளினிக் போகப் பல நாள் ஆகும் என்ற நிலையில் மட்டும் வெட்டலாம். நகவெட்டியைக் கொதிநீரில் போட்டு எடுத்து, வயர் நுனிக்குப் பின்னால் மடித்த துணியை வைத்து, வெட்டுண்ட துண்டு தொண்டைக்குள் விழாதபடி பிடித்துக்கொண்டு வெட்ட வேண்டும். கிளினிக்குக்கு அழைத்து அவர்கள் சரி என்று சொன்ன பிறகு செய்வதுதான் எனக்கு நிம்மதி.

குத்திய இடத்தில் புண் வந்திருந்தால், ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு போட்டு, நாளுக்கு மூன்று நான்கு முறை கொப்பளிக்க வேண்டும். வாய்ப்புண் ஜெல் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: சாலிசிலேட் கலந்தவை பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வேண்டாம். வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கிய ட்யூப்பை எடுத்துப் பிள்ளைக்குத் தடவாமல், வயதைச் சொல்லிப் பார்மசிஸ்டிடம் கேட்டு வாங்குங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணை மருத்துவர் பார்க்க வேண்டும்.

பிராக்கெட் கழன்றுவிட்டது, ஆனால் வலிக்கவில்லை

என் மகளுக்கு நடந்தது இதுதான். பிராக்கெட் பசையை விட்டு வந்திருக்கும், வயரில் கோத்தபடி மணி மாதிரி முன்னும் பின்னும் ஓடும். அதைப் பிடுங்க வேண்டாம். சுழன்று உதட்டில் இடித்தால் இடுக்கியால் நேராக்கி, மெழுகு வைத்துப் பக்கத்துப் பல்லோடு சேர்த்துப் பிடித்து வையுங்கள். முழுதாகக் கழன்று கையில் வந்துவிட்டால் ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். வீட்டில் இருக்கும் எந்தப் பசையாலும் ஒட்ட முயற்சி செய்யாதீர்கள். அது விஷம், பல்லின் மேல்பூச்சையும் கெடுக்கும்.

வலி இல்லாததால் “அடுத்த அப்பாயின்மென்ட் வரைக்கும் இருக்கட்டும்” என்று விடுவதுதான் தப்பு. பிராக்கெட் இல்லாத பல்லுக்கு வழி காட்ட ஆள் இல்லை. மற்ற பற்கள் முன்னே போகும், இது நின்ற இடத்தில் நிற்கும் அல்லது பழைய இடத்துக்கே திரும்பும். மருத்துவர் மறுபடி மெல்லிய வயரிலிருந்து தொடங்க வேண்டி வரும். கழன்ற அன்றைக்கே போன் பண்ணுங்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது: மறுபடி ஒட்ட, வழக்கமான முடுக்கலைவிட அதிக நேரம் வேண்டும். முன்கூட்டிச் சொல்லாமல் போனால், “இன்னொரு நாள் வாங்க” என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்களை அப்படி ஒரு தடவை அனுப்பினார்கள்.

எதனால் கழன்றது என்றும் யோசியுங்கள். பினாங்கில் வாழ்கிறவர்களுக்குப் பட்டியல் கொஞ்சம் நீளம். நாசி லெமாக்கின் வறுத்த நெத்திலியும் கச்சானும் (நிலக்கடலை), ரோஜாக் மேல் தூவும் கச்சான், கச்சான் பூத்தே, ஐஸ் கச்சாங்கில் அடியில் கிடக்கும் கட்டி, சௌராஸ்டா சந்தையில் வாங்கும் ஊறவைத்த மாங்காயின் கெட்டித் துண்டுகள், கரும்பு, காய்ந்த பருப்பு வடை. எலும்போடு கறியைக் கடித்து இழுப்பதும் இதில் சேரும். எல்லாவற்றையும் இரண்டு வருடம் மறந்துவிடு என்று ஒரு பிள்ளையிடம் சொன்னால் நடக்காது. நான் முறுக்கை மட்டும் அடியோடு நிறுத்தினேன். கொய்யா, ஆப்பிள், மாங்காயை மெல்லியதாக நறுக்கிக் கொடுக்கிறேன். நாசி லெமாக்கில் கச்சானையும் நெத்திலியையும் தள்ளி வைத்துச் சாப்பிடப் பழகிவிட்டாள்.

கடினமாக எதுவும் சாப்பிடாமலேயே ஒரே பல்லில் இரண்டு மூன்று முறை கழல்கிறதா? அப்போது எதிர்வரிசைப் பல் அந்தப் பிராக்கெட்டின் மேல் இடித்துக்கொண்டிருக்கலாம். மருத்துவரிடம் அதைக் குறிப்பாகச் சொல்லுங்கள். பின்பல்லில் கொஞ்சம் பசை மேடு வைத்து, கடிக்கும்போது இடிக்காமல் செய்ய முடியும். பிள்ளையைத் திட்டிப் பயனில்லை.

ரப்பர் மஞ்சளாகிவிட்டது, அல்லது அறுந்துவிட்டது

மஞ்சள் நிறத்துக்குக் காரணம் நம் குழம்பு. வெள்ளை அல்லது நிறமில்லா ரப்பர் போட்டுக்கொண்டு நாசி கண்டார் கடையில் கறி பந்ஜிர், அதாவது சோறு மூழ்கக் குழம்பு, போட்டு ஒரு நேரம் சாப்பிட்டால் போதும், மஞ்சள்தூள் ஏறிவிடும். தேய்த்தாலும் போகாது, அடுத்த முறை மாற்றும்போதுதான் போகும். பல்லுக்கு ஒரு கெடுதலும் இல்லை. கல்யாணம், படம் எடுக்கும் நாள் வருகிறது என்றால் கரு நீலமோ சாம்பலோ கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். பீங்கான் பிராக்கெட் போட்டவர்களுக்கு இந்தக் கவலை அதிகம் இருக்கும். அங்கேயும் கறையாவது பெரும்பாலும் ரப்பர்தான்.

குட்டி வளையம் ஒன்று கழன்றால் இரண்டு மூன்று நாளில் போய் மாட்டிக்கொள்ளலாம்.

மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவில் நாமே தினமும் மாட்டும் ரப்பர் வேறு விஷயம். பாக்கெட்டில் முயல், நரி என்று மிருகப் படம் போட்டிருப்பார்களே, அதுதான். தாடைக் கடியைச் சரிசெய்வது இது. சாப்பிடும் நேரம் தவிர எல்லா நேரமும் போடு என்று சொல்லியிருந்தால், இரவில் மட்டும் போடுவது போடாததற்குச் சமம். நேற்று போடவில்லை என்று இன்று இரண்டு ரப்பர் சேர்த்து மாட்டக் கூடாது. பலம் மிகையானால் பல்லும் வேரும் பாதிக்கும். ஒரு பக்கம் மட்டும் மாட்டினால் நடுக்கோடு சாய்ந்துவிடும். பாக்கெட் தீர்ந்துவிட்டதென்றால் அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் போய் வாங்கி வாருங்கள்.

பேண்ட் போடுவதற்கு முன்பு பல் இடுக்கில் வைக்கும் நீலப் பிரிப்பு ரப்பர் விழுந்துவிட்டால், பேண்ட் போடப் போகும் நாளைப் பொறுத்தது. ஓரிரு நாளில் போகிறீர்கள் என்றால் பரவாயில்லை. அதற்கு முன்பே விழுந்தால் கிளினிக்கைக் கேளுங்கள், இடைவெளி மூடிக்கொள்ளும்.

ஈறு வீங்கி ரத்தம் வருகிறது

ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தில் துலக்காமல் விடுகிறோம், அதனால் இன்னும் வீங்குகிறது. காரணம் பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் தங்கும் அழுக்கு. சாதாரணப் பிரஷை ஈறு ஓரத்தில் சாய்த்து வைத்து ஒருமுறை, பிராக்கெட்டுக்கு மேலிருந்து ஒருமுறை, கீழிருந்து ஒருமுறை என்று மூன்று சுற்று. பிறகு, பாட்டில் கழுவும் பிரஷைச் சிறிதாக்கிய மாதிரி இருக்கும் இடைப்பல் பிரஷை வயருக்கு அடியில் விட்டு எடுக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் நாலைந்து நிமிடம் ஆகும். பத்து நாள், இரண்டு வாரத்தில் ரத்தம் நிற்கும். நிற்கவில்லை, ஈறு பிராக்கெட்டை மூடுகிற அளவுக்கு ஏறிவிட்டது என்றால், கிளினிக்கில்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

கம்மல் போட்டாலே காது புண்ணாகும் ஆட்களுக்கு நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம். வாய் எரிச்சலும் உதட்டோரத் தடிப்பும் வந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், நிக்கல் இல்லாத வயர் உண்டு.

பிராக்கெட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் திட்டு

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள். திட்டு என்றால் பல்லின் மேல்பூச்சிலிருந்து தாது கரைந்து போயிருக்கிறது, சொத்தையின் முதல் படி. ஒழுங்காகத் துலக்காமல் இனிப்புக் குடித்துக்கொண்டிருந்தால் ஒரு மாதத்திலேயே வரலாம். வலி கிடையாது, கூச்சம்கூட இருக்காது. கம்பியைக் கழற்றும் நாளில்தான் தெரியும், பல் நேராக இருக்கும், ஒவ்வொரு பல்லிலும் ஒரு சதுரத்தைச் சுற்றி வெள்ளை வளையம். முழுதாக மறையாத திட்டுகளும் உண்டு.

பல்லைக் காயவைத்துப் பார்த்தால் சீக்கிரம் தெரியும். டிஷ்யூவால் துடைத்து, வெளிச்சத்தில், ஈறுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் இருக்கும் பட்டையைப் பாருங்கள். வாரம் ஒருமுறை போதும்.

திட்டு தெரிந்தால் மூன்று காரியம். 1,450 பிபிஎம் அளவுக்கு ஃபுளோரைடு உள்ள பற்பசையால் துலக்கி, துப்பிவிட்டு, தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் அப்படியே விடுவது. ஃபுளோரைடு கொப்பளிப்பு நீரைத் துலக்காத வேறு ஒரு நேரத்தில், உதாரணத்துக்குப் பள்ளி விட்டு வந்ததும், பயன்படுத்துவது. தே ஆயிஸ், சிராப், மைலோவை மணிக்கணக்கில் உறிஞ்சிக்கொண்டே இருக்காமல் சாப்பாட்டோடு குடித்து முடிப்பது. எவ்வளவு குடித்தோம் என்பதைவிட எத்தனை தடவை குடித்தோம் என்பதுதான் பல்லைக் கரைக்கிறது. அப்புறம் கிளினிக்கில் காட்டுங்கள்.

என் மகளின் தூக்கலான கோரைப்பல்லை முதலில் கவனித்துச் சொன்னவர் பள்ளிக்கு வந்த பல் தாதி. பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கும் தாதியருக்குப் பயிற்சி 1949-இல் இந்தப் பினாங்கில்தான் தொடங்கியது. அவர்கள் கொடுத்து அனுப்பும் துண்டுச் சீட்டைப் பையிலேயே கசக்கிவிடாமல் வாங்கிப் படியுங்கள்.

பல் நகரவே இல்லை, அல்லது எல்லாப் பல்லும் ஆடுகிறது

இங்கே நான் முதலில் கேட்பது, கம்பியைப் போட்டது யார் என்றுதான். வீட்டிலும் அழகு நிலையத்திலும் மலிவாகக் கம்பி போடுகிறவர்கள் நம் நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். 2017-இல் மலாக்காவில், யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு பதிவில்லாத கிளினிக் நடத்திய ஓர் இளம்பெண்ணுக்கு நீதிமன்றம் 70,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. 2018ஆம் ஆண்டின் பல் மருத்துவச் சட்டம் இப்போது நடைமுறையில் இருக்கிறது. எக்ஸ்ரே எடுக்காமல், அச்சு எடுக்காமல், முதல் நாளே கம்பி ஒட்டினார்கள் என்றால், கலருக்காக மாட்டிக்கொள்ளும் பொய்க் கம்பி என்றால், இன்றைக்கே முறையான பல் மருத்துவரிடம் போய்க் கழற்றுங்கள். அவமானமாக நினைத்து மறைக்க வேண்டாம். ஒழுங்கில்லாத பலத்தால் வேர் குட்டையாகும், எலும்பு தேயும், ஒன்றும் வலிக்காது. மருத்துவரின் பெயர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவில் இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்க்கலாம், நிபுணர் பட்டியலும் அங்கே இருக்கிறது.

பதிவு பெற்ற மருத்துவரிடம்தான் போகிறீர்கள், இரண்டு மூன்று முறையாக மாற்றமே தெரியவில்லை என்றால், தொடக்கத்தில் எடுத்த படத்தைக் காட்டச் சொல்லுங்கள். தினமும் கண்ணாடியில் பார்க்கிறவருக்கு நகர்வது தெரியாது.

அலைனர் பல்லில் முழுதாக உட்காரவில்லை

அலைனர் என்பது கம்பிக்குப் பதிலாகப் பல்லில் மாட்டிக் கழற்றும் நிறமில்லா பிளாஸ்டிக் உறை, செட் செட்டாக மாற்றுவார்கள். பிளாஸ்டிக்குக்கும் பல் நுனிக்கும் நடுவில் காற்று தெரிந்தால், பெரும்பாலும் அணிந்த மணி நேரம் குறைந்திருக்கிறது. நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் அதற்குத் தேவை. கடித்துப் பதிய வைக்க ரப்பர் உருளை கொடுத்திருந்தால் கடியுங்கள். அடுத்த செட்டுக்குத் தாவ வேண்டாம், இதே செட்டில் இன்னும் சில நாள் இருந்துவிட்டுக் கிளினிக்கைக் கேளுங்கள். தொலைந்தால் முந்திய செட்டைப் போட்டுக்கொண்டு அழைக்க வேண்டும். பழைய செட்டுகளை எறியாமல் வைக்கச் சொல்வது அதற்காகத்தான்.

ரிடெய்னர் இறுக்கமாக இருக்கிறது

கம்பியைக் கழற்றிய அன்று நான் அழுதேன், அவ்வளவு சந்தோஷம். ஜோர்ஜ்டவுனில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் போட்ட கம்பி. நிறமில்லா பிளாஸ்டிக் ரிடெய்னர் ஒன்றைக் கொடுத்து, “ராத்திரியில போடுங்க” என்று மட்டும் சொன்னார்கள். எத்தனை வருடம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒன்றரை வருடம் ஒழுங்காகப் போட்டேன். ஒரு நாள் உணவகத்தில் சாப்பிடும்போது டிஷ்யூவில் சுற்றி மேசையில் வைத்தேன். மேசை துடைத்தவர் இலையோடு சேர்த்து எடுத்துப் போய்விட்டார். புதிது செய்யக் காசு புரட்ட வேண்டியிருந்தது, பல்லும் நேராகத்தானே இருக்கிறது என்று ஐந்து மாதம் விட்டேன். கீழ் முன்பல் இரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டன. ஒரு நாள்கூட வலிக்கவில்லை. அதைச் சரிசெய்ய மறுபடி பதினோரு மாதம் கம்பி போட்டேன்.

பல்லைச் சுற்றியுள்ள நார்கள் இழுத்த ரப்பர் மாதிரி. எலும்போடு பிணைக்கும் நார்கள் புது இடத்துக்குப் பழக மூன்று நான்கு மாதம் ஆகும், ஈறில் இருக்கும் நார்களுக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அதற்குப் பிறகும் வயதோடு பற்கள் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நெருங்கும், கம்பியே போடாதவர்களுக்கும் அப்படித்தான். அதனால் எத்தனை வருடம் போட வேண்டும் என்று கேட்டால், பல் நேராக இருக்க வேண்டும் என்று நினைக்கும் வரை, இரவில்.

சரி, இப்போது இறுக்கமாக இருக்கிறது, என்ன செய்வது? மாட்டிப் பாருங்கள். அழுத்தமாக இருந்தாலும் கடைசி வரை பதிந்து உட்கார்ந்துவிட்டால், நல்ல வேளை. இரண்டு மூன்று நாள் சாப்பிடும் நேரம் தவிர முழு நேரமும் போடுங்கள், இறுக்கம் குறைந்ததும் இரவுக்குத் திரும்புங்கள். பாதிதான் இறங்குகிறது, ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது என்றால் கடித்து அமுக்க வேண்டாம், பிளாஸ்டிக் விரியும், பல்லுக்கும் நல்லதில்லை. இந்த வாரத்துக்குள் கிளினிக்குக்குப் போங்கள். இன்று சிறிய மாற்றமாக இருந்தால் புது ரிடெய்னரோ சில அலைனரோ போதும்.

விரிசல் விட்டிருந்தால், தொலைந்திருந்தால், அதே அவசரம். பசை போட்டு ஒட்டக் கூடாது. வெந்நீரில் கழுவினாலோ வெயிலில் நிறுத்திய காரில் விட்டாலோ வடிவம் மாறிவிடும். நம் ஊர் வெயிலில் டேஷ்போர்டில் ஒரு மதியம் போதும். நாய் வளர்க்கிறவர்கள் இன்னும் கவனம், எச்சில் வாசனைக்கு நாய் தேடி வந்து கடிக்கும். சாப்பிடக் கழற்றினால் டப்பாவுக்குள் மட்டுமே போக வேண்டும்.

நாற்றம், வெள்ளைப் படிவம் என்றால் பற்பசை போட்டுத் தேய்க்காதீர்கள், கீறல் விழுந்து அதில் இன்னும் அழுக்கு சேரும். மென்மையான பிரஷ், ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு, குளிர்ந்த தண்ணீர். படிவம் கெட்டியாகிவிட்டால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து இருபது நிமிடம் ஊறவைத்துத் தேய்க்கலாம், அல்லது பல்செட் கழுவும் மாத்திரை போடலாம்.

முன்பல்லுக்குப் பின்னால் ஒட்டிய கம்பி

சிலருக்கு ரிடெய்னராகக் கீழ் முன்பற்களின் உள்பக்கத்தில் மெல்லிய கம்பியை ஒட்டிவிடுவார்கள். வருடக்கணக்கில் அது இருப்பதே மறந்துவிடும். ஆறு பல்லில் ஒன்றில் மட்டும் பசை விட்டுப்போனால், கம்பி அசையாமல் அங்கேயே நிற்கும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது, அந்த ஒரு பல் மட்டும் மெதுவாகத் திரும்பத் தொடங்கும்.

நாக்கு நுனியால் ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பாருங்கள். பசை மேடு இருக்கும் இடமெல்லாம் வழுவழுப்பாக இருக்கும். எங்காவது கம்பி மட்டும் நூல் மாதிரி தட்டுப்பட்டால், உணவு வழக்கத்தைவிட அதிகமாக அங்கே சிக்கினால், நகத்தால் தொடும்போது அந்த இடத்தில் மட்டும் கம்பி அசைந்தால், கழன்றிருக்கிறது. இழுத்துப் பார்க்க வேண்டாம். கழற்றி மாட்டும் ரிடெய்னரும் இருந்து, அது பொருந்தினால் அன்று இரவிலிருந்தே அதைப் போட்டுக்கொண்டு, கிளினிக்குக்கு அழையுங்கள். மறுபடி ஒட்டச் சில நிமிட வேலைதான்.

எனக்கு இரண்டாவது முறை இந்தக் கம்பியைத்தான் ஒட்டினார்கள். மாதச் சம்பளம் வரும் நாளன்று இரவு கண்ணாடி முன் நின்று நாக்கால் ஒரு சுற்று தடவிப் பார்ப்பேன். மகளுக்குக் கம்பி கழற்ற இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது. அவளுக்கான ரிடெய்னர் டப்பாவை, பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில், எந்த மேசையில் வைத்தாலும் கண்ணில் படும்படி, இப்போதே வாங்கி வைத்துவிட்டேன்.